ஏலத்தோட்டப் பாதையில் டூ ஸ்ட்ரோக் சவாரி

போடிமெட்டு தாண்டி, இடுக்கி எல்லையில் ஏலத்தோட்டத்து மண்பாதை. அங்கேதான் அறுபது வயதுக்குமேல் முதன்முதலாக, மைத்துனர் மகனின் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஓட்டினேன். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி, 98 சி.சி.தான். மெதுவாக முறுக்கினால் மந்தம், சற்றுக் கூட்டினால் குதிரை! கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு அல்லவா?

ஏற்றம் சுகம். இறக்கத்தில் வயிறு கலங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் இரண்டு டிரம் பிரேக்குகள்மேல். (ரயில்வேயிலும் மலைப்பாதையில் எங்களுக்கு இறக்கமே பயம்.) விடுமுறைக்கு ஊர் வந்து இவ்வண்டி கேட்கும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

"மாமா, இறங்கி உருட்டலாமா?" என்றான் பையன். இரண்டாவது கியரிலேயே, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து இறங்கினேன். தோட்டத்து வாசலில் நிறுத்தியபோது பின் டிரம்மில் கைவைக்க முடியவில்லை.