பம்பு தண்ணீரை உறிஞ்சுவதில்லை!

ஊருக்குக் குடிதண்ணீர் எப்படி வருகிறது? ஆற்று நீரைத் தெளிய வைக்கிறார்கள். மணலில் வடிகட்டுகிறார்கள். குளோரின் கலக்கிறார்கள். பிறகு பம்பு அந்த நீரை உயரத்தில் உள்ள தொட்டிக்கு ஏற்றுகிறது.

இத்தனை பாடும் குழாயில் உள்ள ஒரு சின்ன ஓட்டையால் வீணாகிவிடலாம்!

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் தண்ணீரை மேலே தள்ளுவது காற்று. காற்றுக்கும் எடை உண்டு. அது தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. பம்பு செய்வதெல்லாம், குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பதுதான். உடனே வெளிக்காற்று தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது.

காற்றின் பலத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 34 அடிக்கு மேல் அதனால் தண்ணீரை ஏற்ற முடியாது. எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் வைத்தாலும் சரி! ஏன் இப்படி என்று இத்தாலிய அறிஞர் கலிலியோவே குழம்பினார். 1638-ல் வெளிவந்த தம் நூலில் இதைப்பற்றி எழுதினார். காரணத்தைச் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த டாரிசெல்லி.

34 அடி என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 20, 25 அடிதான். ஊட்டியில் காற்று லேசானது. அங்கே ஏட்டுக் கணக்கே சுமார் 26 அடிதான்! பழைய கிணறுகளில் மோட்டாரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

பம்புக்குத் தண்ணீர் வரும் குழாய், வெளியேறும் குழாயைவிடப் பெரிதாக இருப்பது நல்லது. 2 அங்குலக் குழாய் போட வேண்டிய இடத்தில் 1 அங்குலக் குழாய் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு சுமார் 30 மடங்காகிவிடும். காசு மிச்சம் என்று நினைப்போம். பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வரும். அழுத்தம் மிகவும் குறைந்ததால், பச்சைத் தண்ணீரே கொதித்துக் குமிழி விடுகிறது! அந்தக் குமிழிகள் உடைந்து உடைந்து இரும்புச் சக்கரத்தையே அரித்துவிடும். குழாய் பம்பை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று தங்கிவிடும்.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம். வெளியேறும் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீச்சியடிக்கும். கண்ணுக்குத் தெரியும். பம்புக்கு வரும் குழாயில் விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. வெளியே தேங்கிய சாக்கடைதான் உள்ளே போகும்! காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாக வீட்டுக்குள் வரலாம். தெருக்குழாயில் திருட்டுத்தனமாக மோட்டார் மாட்டும் வீட்டிலும் இதே கதைதான். அக்கம்பக்கத்தாரும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்?

இதற்கு வழி, பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பது. அப்போது தண்ணீர் தன் பாரத்தாலேயே பம்புக்கு வந்துவிடும். ஓட்டை விழுந்தாலும் பெரும்பாலும் வெளியேதான் கசியும். ஆகவே பல நிலையங்களில் பம்பு அறையைப் பள்ளத்தில் கட்டுகிறார்கள். அடைமழையில் அந்த அறைக்குள் வெள்ளம் புகுந்து மோட்டார் மூழ்கிப்போவதும் உண்டு. அதை இறைக்க இன்னொரு சின்னப் பம்பு வைக்க வேண்டும்!