உண்டு, இல்லை, அல்ல: பிரெஞ்சுக்குத் தமிழ் வழி

நம் சங்கக் குடும்பங்களில் சில பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிறார்கள். "நமக்குத் தெரியாத பாஷை, நாம் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளைகள் அதை ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கிறார்கள். ஆனால் தமிழுக்குப் பிரெஞ்சு அப்படியொன்றும் அந்நியமல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவைதாம். மேலும் பிரெஞ்சின் சில பாடங்களுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே நேர்வழி. ஒரு பொருள் இருக்கிறது, இல்லை என்று சொல்லும் பாடம் அவற்றில் ஒன்று.

பிரெஞ்சில் 'உண்டு' என்பதற்கு உரிய தொடர் 'இல்-யா'. எழுதும்போது மூன்று சொற்கள்: 'இல்' என்றால் அது, 'இ' என்றால் அங்கே, 'ஆ' என்றால் உடையது. ஆனால் இங்கே அந்த 'அது' எதையும் சுட்டாது. வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் வேண்டுமே என்று நிற்கிறது. 'இல்' என்றதும் தமிழ்க் காதுக்கு 'இல்லை' நினைவு வரும். எச்சரிக்கை, பொருள் நேர் எதிர்! பேச்சு வழக்கில் அந்த 'இல்' கூடத் தேய்ந்து, வெறும் 'யா' என்றே பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுண்டு.

இல்-யா யூன் மேஸோன்: ஒரு வீடு உண்டு.
இல்-யா தி மேஸோன்: பத்து வீடுகள் உண்டு.

('யூன்' என்பதன் உயிரொலி, உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் வரும். 'தி' என்பதைப் 'பந்தி' என்பதில் வரும் 'தி' போல மெல்ல ஒலிக்க வேண்டும்.)

ஒன்றானாலும் பத்தானாலும், மனிதரானாலும் மாடானாலும் 'இல்-யா' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஒருமைக்கு ஒரு சொல், பன்மைக்கு ஒரு சொல்; இந்தியிலும் அப்படியே. நம் 'உண்டு' மட்டும் பிரெஞ்சைப் போலவே அசையாமல் நிற்கிறது. ஆகவே "எங்கெல்லாம் 'உண்டு' போட முடியுமோ, அங்கெல்லாம் 'இல்-யா' போட்டுப் பார்" என்று பிள்ளைக்குச் சொல்லலாம்.

அடுத்து, எங்கே இதைப் போடக்கூடாது என்பது. புது ஊரில் இறங்கி "இங்கே ரயில் நிலையம் உண்டா?" என்று கேட்டால், "எஸ் கில்-யா யூன் கார் இசி?" ('கார்' என்றால் ரயில் நிலையம், 'எஸ் க' என்பது கேள்வியைத் தொடங்கும் சொல்.) நிலையம் இருப்பது தெரியும், இடம்தான் தெரியவில்லை என்றால், "ஊ எ லா கார்?", அதாவது "ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?" முன்னதில் இருக்கிறதா என்பதே கேள்வி, பின்னதில் இருப்பிடம் கேள்வி. தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல் வரிசையே காட்டிவிடும். "மேசைமேல் புத்தகம் இருக்கிறது" என்றால் 'இல்-யா'. "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்றால் 'எ'.

'உடையது' என்ற வினையைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் பல இடங்களில் ஆள்கிறார்கள். "எனக்கு ஒரு வீடு உண்டு" என்பதற்கு "ஜே யூன் மேஸோன்", அதாவது "நான் ஒரு வீடு உடையேன்" என்பார்கள். "எனக்குப் பன்னிரண்டு வயது" என்பதும் "ஜே தூஸ் ஆன்", பன்னிரண்டு ஆண்டுகளை உடையேன் என்பதுதான். நமக்கு உடைமையும் இருப்பாகிறது. அவர்களுக்கு இருப்பும் உடைமையாகிறது. இதை ஒரு முறை புரியவைத்துவிட்டால், வயதைச் சொல்லும்போது பிள்ளை தடுமாறாது.

இனி இல்லை என்பது. தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும் இடம் இதுதான்.

இல் ந்யா பா த மேஸோன்: வீடு இல்லை.
ஸ நே பா யூன் மேஸோன்: இது வீடு அல்ல.

முதல் வாக்கியத்தில் 'யூன்' மறைந்து 'த' வந்திருக்கிறது. இரண்டாவதில் 'யூன்' அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டுக்கும் ஒரே மறுப்புச் சொல் என்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தமிழில் விதி ஒரே வரி: 'இல்லை' வருமிடத்தில் 'த', 'அல்ல' வருமிடத்தில் மாற்றமில்லை. ஆனால் பேச்சில் நாமே இரண்டுக்கும் 'இல்லை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வெளியூரில் வளரும் பிள்ளை 'அல்ல' என்ற சொல்லைக் காதால் கேட்பதே அபூர்வம். கேட்காத சொல்லை அது எப்படி அறியும்?

காலத்துக்கும் இதே தொடர் பயன்படுகிறது. 'இல் யாவே' என்றால் இருந்தது. 'இல் யோரா' என்றால் இருக்கும். "இல்-யா த்ருவா ஜூர்" என்றால் மூன்று நாட்களுக்கு முன். "உண்டு என்பது எப்படி 'முன்' ஆயிற்று?" என்று பிள்ளை கேட்டால், "அவர் ஊருக்குப் போய் மூன்று நாள் இருக்கும்" என்று நாம் பேசுவதை நினைவூட்டுங்கள். கழிந்த நாளை 'இருக்கும்' என்று கணக்கிடுவது நம் வழக்கமும்தான்.

"கெஸ் கில்-யா?" என்பது "என்ன விஷயம்?" என்று விசாரிப்பது. நன்றி சொன்னவருக்கு "இல் ந்யா பா த குவா" என்பார்கள், "இதில் என்ன இருக்கிறது!" என்று நாம் சொல்வதற்கு இணை. "கடவுள் உண்டா?" என்பது போன்ற பெரிய கேள்விக்கு மட்டும் 'இல்-யா'வைவிட 'எக்ஸிஸ்த்' என்ற தனி வினையே பொருத்தம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், அறையில் உள்ளதையும் இல்லாததையும் பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும்: கடிகாரம் உண்டு, பூனை இல்லை, இது நாற்காலி அல்ல. பிறகு அதையே பிரெஞ்சில் சொல்லட்டும். பிரெஞ்சுச் சொற்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தமிழ்ச் சொற்களை நாம்தான் தரவேண்டும். அதற்கு நமக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை.