குடிபெயரும் தேனீக்களைக் காத்தல்

மாமரக் கிளையிலோ வீட்டு இறப்பிலோ ஒரு தேங்காய் அளவில், பழுப்பும் கருமையுமாய், ஓயாது அசைந்துகொண்டு ஒரு திரள் தொங்குவதைக் கண்டால் நம்மவர் முதலிற் தேடுவது தீப்பந்தத்தை. அடுத்துத் தேடுவது தேனுக்குரிய பாத்திரத்தை. அத்திரளில் அடையே இராது என்பதும், அவ்வேளையில் அத்தேனீக்கள் பெரும்பாலும் கொட்ட முற்படுவதில்லை என்பதும் பலர் அறியாதவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் சில பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்க்கும் குடும்பத்தினன் என்ற முறையில், அவற்றைக் கொல்லாது காத்து இடம் மாற்றும் வகையை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

எந்தத் தேனீ என்று முதலில் அறிய வேண்டும். உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் வெட்டவெளியில் ஒற்றைப் பேரடையாகக் கட்டுவது மலைத்தேனீ. அது பெட்டியில் குடியிராது. பருவம் மாறினால் தானே பெயர்ந்து போய்விடும். அதனிடம் நெருங்காதிருப்பதே அறிவுடைமை. புதர்க் கொம்பில் சிற்றடை கட்டும் கொம்புத்தேனீயும் பெட்டிக்கு உரியதன்று. மரப்பொந்து, சுவர் விரிசல், கைவிட்ட பானை ஆகியவற்றின் இருளில் பல அடைகளை ஒன்றுக்கொன்று இணையாக அமைப்பதே நமக்குரிய அடுக்குத்தேனீ. இதன் சிற்றுருவுக்கு ஏற்ப, நியூட்டன் என்னும் பாதிரியார் 1910-களில் வகுத்த பெட்டியையே தென்னாட்டில் இன்றும் பலர் கையாளுகின்றனர். மார்த்தாண்டத்தைச் சூழ்ந்த ஊர்களில் இத்தொழில் வேரூன்றியுள்ளது.

இனி, திரள் ஏன் புறப்படுகிறது? பூ மிகுந்து கூட்டில் இடம் நெருங்கும்போது, பணித்தேனீக்கள் புதிய ராணிகளுக்கென்று தனி அறைகள் கட்டுகின்றன. புதியவள் வெளிவருமுன் பழைய ராணி ஒரு பெரும் பகுதிப் பணித்தேனீக்களோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். மகளுக்கு வீட்டையும் களஞ்சியத்தையும் விட்டுவிட்டுத் தாய் வெறுங்கையோடு புறப்படும் இவ்வழக்கம் மனிதரிடையே அரிது. முற்றிலும் வெறுங்கை என்றும் சொல்ல இயலாது. ஒவ்வொரு தேனீயும் வயிறு நிறையத் தேனை உண்டே புறப்படுகிறது. காக்க வேண்டிய அடையும் புழுவும் இல்லாமையால் அவை சினங்கொள்ளுவதில்லை. கிளையில் தங்கியிருக்கும் சில மணி நேரத்திலோ, ஓரிரு நாட்களிலோ, வேவுத்தேனீக்கள் பொந்துகளை ஆராய்ந்து வந்து, திரளின்மேல் ஆடிக் காட்டி இடத்தின் திசையையும் தொலைவையும் அறிவிக்கின்றன. தேனீயின் ஆட்ட மொழியை விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். திரளின்மேல் நிகழும் இந்த ஆட்டத்தை 1950-களில் ஆராய்ந்தவர் அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கூட்டங்கள் பிரியும். அதன்பின் ரப்பர் மரம் தளிர்த்து, பூவிலன்றி இலைக்காம்பில் மதுவைச் சுரக்கும் காலம் வருகிறது. ஆகவே மார்கழிக்குள் பிடித்து நிலைபெறச் செய்த திரள் அந்தத் தேன் காலத்திலேயே பயன்தரக்கூடும்.

திரளைப் பிடித்தல் எளிது. சிறிது தண்ணீரை மென்மையாகத் தெளித்தால் அவை பறவாது நெருங்கி அமரும். தேனீ இருளை நோக்கி மேலேறும் இயல்பினது. எனவே ஒரு கூடையைத் திரளுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து தேங்காய் நாரின் புகையைச் சிறிதே காட்டினால் அவை தாமே கூடைக்குள் ஏறிவிடும். மாலையில் அவற்றைப் பெட்டியில் விடலாம். நலமுள்ள நம் பெட்டியொன்றிலிருந்து இளம்புழுக்கள் உள்ள ஓர் அடையை எடுத்து அதில் வைத்துவிட்டால், அப்புழுக்களை விட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது.

சுவரிலோ பொந்திலோ முன்னரே குடியேறிவிட்ட கூட்டத்தை எடுப்பதே கடினம். இங்கே அடையுண்டு, புழுவுண்டு. ஆகையால் கொட்டும் உண்டு. முகவலை இன்றியமையாதது. கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்துவிட வேண்டும்; நேரம் தாழ்ந்தால் நஞ்சு மேலும் இறங்கும். மூச்சுத் திணறலோ உடலெங்கும் தடிப்போ கண்டால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே பாட்டி வைத்தியத்திற்கு இடமில்லை.

வாயிலை அகலமாக்கி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க வேண்டும். புழுவும் முட்டையும் உள்ள அடைகளை, முன்பிருந்த மேல் கீழ் மாறாமல், சட்டங்களில் பொருத்தி வாழைநாரால் கட்டலாம். தேனடையைப் பெட்டியில் வைத்தலாகாது. அறுபட்ட தேன் ஒழுகி எறும்பை அழைக்கும். ராணி அகப்பட்டால் மற்றவை தாமே தொடர்ந்து வரும். பெட்டியைப் பழைய வாயிலருகிலேயே இருட்டும்வரை வைத்திருந்து, மேயச் சென்றவையும் வந்தடைந்தபின் மூடி எடுத்துச் செல்ல வேண்டும். பகலிலேயே தூக்கிச் செல்வோர் பாதிக் குடியை அநாதையாக்கி விடுகின்றனர். புதிய இடம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் நன்று. அதற்குட்பட்டால் மேய்ச்சலுக்குப் போன தேனீ பழைய சுவரையே நாடித் திரும்பும்.

ராணி ஓடாதிருக்க வாயிலில் தடைத்தகடு பொருத்துவர். பணித்தேனீ அதனூடே நுழையும், ராணி நுழையாள். ஆனால் ஒன்று நினைவிருக்க வேண்டும். முதல் திரளுக்குப்பின் வரும் சிறு திரள்களில் இருப்பவள் கன்னிராணி. அவள் ஆண் தேனீக்களோடு கூடுவதற்கு வெளியே பறந்தாக வேண்டும். அவளை அடைத்து வைத்தால் கருவுற்ற முட்டை இடாள், பணித்தேனீக்கள் பிறவா, சில வாரங்களில் குடி அழியும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டிற் பரவிற்று. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஆகி அறையிலேயே மடிந்தன. கேரளத்திலும் எங்கள் மாவட்டத்திலும் பெட்டிகள் பெருவாரியாக வெறுமையாயின; தேனை நம்பிய குடும்பங்கள் வேறு கூலிக்குப் போயின. பிழைத்து நின்ற கூட்டங்களைப் பெருக்கியே தொழில் மீண்டும் தலையெடுத்தது. ஆகவே, ஒருவர் பேணாமலே ஒரு பொந்தில் பல ஆண்டு நிலைத்திருக்கும் கூட்டம் விதைநெல் போன்றது. அதற்குத் தீ வைப்பவர் அண்டை வீட்டுத் தென்னைக்கும் பூசணிக்கும் வரும் பணியாளரையும் சேர்த்தே எரிக்கிறார்.

அந்நோய் கருதியே, மீட்ட கூட்டத்தைச் சில வாரங்கள் மற்றப் பெட்டிகளுக்கு எட்டத் தனியே வைத்து, புழுக்களைக் கவனித்து வர வேண்டும். கத்தியையும் கையையும் கழுவாமல் வேறு பெட்டியைத் திறத்தலாகாது. பெட்டிக் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைத்து எறும்பைத் தடுத்தலும், சில நாட்கள் மாலையில் சருக்கரைப் பாகு வைத்தலும் வேண்டும். பகலில் பாகு வைத்தால் அயற்கூட்டத் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். அடிக்கடி திறந்து பார்க்கும் ஆவலை அடக்குதல் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே அரிதாக இருக்கிறது. வெளியிலிருந்தே அறிய வழியுண்டு. தேனீக்கள் கால்களில் மகரந்தம் சுமந்து வரத் தொடங்கும். அடைகள் சட்டத்தோடு ஒட்டியபின், நாம் கட்டிய வாழைநாரையும் அவை நார் நாராகக் கடித்து வாயிலுக்கு வெளியே இழுத்துப் போடும். அந்த நார்த்துண்டுகள் பெட்டியின் கீழே கிடப்பதைக் கண்டபின் தகட்டைக் கழற்றிவிடலாம்.