தீக்குப் பின் பூக்கும் செடி

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் வண்டியில் அலுவல் நிமித்தம் அடிக்கடி போய் வருபவர் நாம். கோடை முதிர்ந்ததும் தளேகாவ் பக்கத்துப் புல்மேடுகள் கரிந்து கிடப்பதைச் சன்னல் வழியே கண்டு, "எல்லாம் பாழாயிற்றே!" என்று பலமுறை வருந்தியதுண்டு. அவ்வருத்தத்தில் பாதி அறியாமை என்பது பின்னர்தான் விளங்கிற்று.

2020ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அதே தளேகாவ் தபாடேயின் புற்சரிவுகளில் புதுமையான ஒரு செடி சேகரிக்கப்பட்டது. புனே அகர்க்கர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த மந்தார் தாதாரும் அவருடன் உழைத்தவர்களும் ஆண்டுதோறும் அச்சரிவுகளுக்குச் சென்று அதனைக் கவனித்து, 2024இல் அது உலகறியாத புதிய இனமென்று அறிவித்தனர். டிக்லிப்டெரா பாலிமார்ஃபா என்பது பெயர். 'பல உருவம் உடையது' என்று பொருள். நம் இல்லத்துப் பெண்கள் சூடும் கனகாம்பரமும், கைமருந்தாகும் ஆடாதோடையும், மலைக்குறிஞ்சியும் இதற்கு உறவு. எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் இதைப்போல் கதிராக நிமிர்ந்து பூக்கும் நெருங்கிய இனங்களோ ஆப்பிரிக்காவில் உள்ளன!

இச்செடி ஆண்டுக்கு இருமுறை பூக்கிறது. மழை ஓய்ந்தபின், நவம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பூப்பது முதல் முறை. அது உலகத்து வழக்கம். பின்னர் புல் காய்கிறது. மழை விழுந்ததும் இளம்புல் தழைக்க வேண்டுமென்று ஊரார் அதற்குத் தீ வைக்கிறார்கள். மேலே உள்ளவை யாவும் சாம்பலாகின்றன. எனினும் மண்ணுக்குள் கட்டைபோல் உரமேறிய அடிவேர் சாவதில்லை. மே, ஜூனில் அதிலிருந்து குட்டையான தளிர்கள் கிளம்பி, இலையைப் பற்றிக் கவலைப்படாமல் பூக்கத் தொடங்கிவிடுகின்றன. குறுகிய காலமே ஆயினும் முதல் முறையைவிட மிகுதியாகப் பூக்கின்றன.

தென்னாப்பிரிக்கக் கேப் பகுதியிலும் இத்தகைய அதிசயம் ஒன்று உண்டு. வெங்காயம் போன்ற கிழங்குடைய தீ அல்லி, காடு எரிந்த இரண்டு வாரத்திற்குள் செம்மலருடன் எழுகிறது. அதனைத் தூண்டுவது புகையென்று ஆய்ந்தோர் கண்டுள்ளனர்.

அப்படியானால் தீ நல்லதா? உடனே தீப்பெட்டியும் கையுமாக யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். ஓயாமல் எரிந்தால் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளும் இளங்கன்றுகளும் தப்பா. தீயை அறவே நிறுத்திவிட்டாலோ இந்த இரண்டாம் பூப்பு என்னவாகும்? அளவறிந்து கையாள வேண்டும் என்பதே ஆய்வாளர் கருத்து.

நமக்கோ தீயினும் பெரிய அச்சம் வேறொன்று. புல்வெளி என்றாலே 'தரிசு' என்று ஏட்டில் எழுதிவிடுவது வழக்கம். ஏடு எழுதியே பிழைப்பவர் நாம், அதன் வலிமை தெரியும். தளேகாவைச் சுற்றித் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவருகின்றன. எரிந்தால் துளிர்க்கும் அடிவேர், தோண்டிச் சிமிட்டி ஊற்றினால் துளிர்க்குமா?

வரும் மே மாதம் ஓய்வு நாளொன்றில் குழந்தைகளுடன் தளேகாவில் இறங்குவதாயிருக்கிறோம். கரிந்த சரிவில் கால் வைக்கும் இடம் பார்த்து நடக்க வேண்டும். பூ, கணுக்கால் அளவுக்குக் கீழேதான் இருக்கும்.