கோப்பும் குறிமுறையும்: உரைத் தொகுப்பியின் தேர்வு பற்றிய ஒரு குறிப்பு

ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை நன்கறிந்த நம் ஆய்வாளர்கள், கணினிக் கோப்பிலும் பாடபேதம் நேரலாம் என்பதைப் போதியளவு கருத்திற் கொள்வதில்லை. கோப்பிலே எழுத்துகள் இல்லை. 0 முதல் 255 வரையான பெறுமானங்களையுடைய பைற்றுகளே உள்ளன. அவற்றை எழுத்துகளாகக் கொள்வதற்கான சமூக உடன்பாடே குறிமுறை எனப்படுவது. அகரம், யூ.ரி.எவ்.-8 முறையில் 224, 174, 133 என்னும் மூன்று பைற்றுகளாகும். இவற்றையே மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய இலத்தீன்-1 முறையில் வாசிப்பின் தொடர்பற்ற குறிகளே தோன்றும்.

ஆகவே, கோப்பைத் திறக்கும் தொகுப்பி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஈமாக்ஸ் என்னும் தொகுப்பி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஒரே மொழிக்குப் பல குறிமுறைகள் வழங்கிய யப்பானிலே உருவான 'மியூல்' என்னும் பன்மொழி அமைப்பு, 1997 இல் வெளியான அதன் 20 ஆம் பதிப்பில் இணைக்கப்பட்டது.

பயனர் வெளிப்படையாக இடும் கட்டளையே முதன்மை பெறும். அஃது இல்லாதவிடத்து, கோப்பின் பெயரும், அதன் முதல் வரியிலோ இறுதியிலோ பொறிக்கப்பட்ட குறிமுறைக் குறிப்பும் சான்றாகும். இவையும் இல்லையெனில் பைற்றுகளின் ஒழுங்கை நோக்கி ஊகித்தல் வேண்டும். யூ.ரி.எவ்.-8 கண்டிப்பான ஒழுங்குடையதாதலின் அதனை இனங்காணல் எளிது. இலத்தீன்-1 எதனையும் ஏற்கும். எதனை முதலிற் சோதிப்பது என்பதைப் பயனர் தெரிந்த மொழிச்சூழல் தீர்மானிக்கிறது. ஊகத்தின் வரிசையிலும் மொழிகளின் சமூக நிலை பதிந்துள்ளமை நோக்கற்பாலது.

சேமிக்கையில், வாசித்த முறையிலேயே எழுதுவது வழக்கம். அம்முறையில் அடங்காத எழுத்து இருப்பின், தொகுப்பி பயனரிடம் வேறொரு முறையைக் கேட்கும்.

ஆயின் ஈழத்துப் படைப்புகள் பல தட்டெழுதப்பட்ட பாமினி எழுத்துருவின் முன் இவ்வேற்பாடு முழுவதும் பயனற்றுப் போகிறது. அங்கே 'தமிழ்' என்பது ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகும். தொகுப்பிக்கு அது குற்றமற்ற ஆங்கிலக் கோப்பு, யூ.ரி.எவ்.-8 ஆகச் சேமித்தாலும் ஒரு பைற்றும் மாறாது. எழுத்துருவை அறிந்த தலைமுறை மறையின், அப்பனுவலும் வாசிப்பாரற்றுப் போகும். எனவே மூலக் கோப்பைப் பேணி, எழுத்துருவின் பெயரை அதனுடன் பதிந்து, ஒருங்குறிக்கு மாற்றிய படியொன்றையும் உருவாக்குதல் நமது இலக்கிய வரலாற்றுப் பணியின் பிரிக்கவியலாக் கூறாகும்.