இரண்டு திரை இருக்கிற வீட்டில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

2020-ல் ஊரடங்கு வந்தபோது ஆபீஸும் பள்ளிக்கூடமும் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஊரடங்கு போய்விட்டது, ஆனால் கம்ப்யூட்டர் மீட்டிங் போகவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்கள், பாட்டும் தையலும் கணக்கும் ஆன்லைனில் சொல்லித் தரும் அம்மாக்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறோம். லேப்டாப் போதவில்லை என்று பக்கத்தில் இன்னொரு மானிட்டரும் வந்தாயிற்று. சில வீடுகளில் ஒரு ஹெச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகி, கூடத்து டி.வி.யையே இரண்டாவது திரையாக்கிவிடுகிறார்கள்.

சௌகரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மீட்டிங்கில் 'ஸ்க்ரீன் ஷேர்' செய்யும்போது, அதாவது நம் திரையை மற்றவர்களுக்குக் காட்டும்போது, இரண்டு திரையில் எது வெளியே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். ஒருநாள் மீட்டிங்கில் கணக்குத் தாளைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு மானிட்டரைக் காட்டிவிட்டாள். அதில் திறந்திருந்தது அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட். மூன்று மாதம்கூட முடியவில்லை. மாமியார் வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை. ஆபீஸில் பத்துப் பேர் பார்த்தாயிற்று! "அத்தை, நான் சொல்றதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே" என்று அவள் கண் கலங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நல்ல சேதிதான். ஆனால் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவள் விஷயம் அல்லவா?

அதற்கப்புறம் அவளும் நானும் உட்கார்ந்து இதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூடம் மட்டும் போதும்

வீட்டுக்கு வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறோம். பீரோவைத் திறந்தா காட்டுகிறோம்? ஸ்க்ரீன் ஷேரும் அப்படித்தான்.

ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் எதுவானாலும் ஷேர் பட்டனை அழுத்தியதும் எதைக் காட்டட்டும் என்று கேட்கும். 'முழுத் திரை' என்று கொடுத்தால் அந்த மானிட்டரில் வருவது அத்தனையும் போகும். நடுவில் எட்டிப் பார்க்கும் வாட்ஸ்அப் செய்தி, பாங்க்கிலிருந்து வரும் மெயில் எல்லாம் சேர்த்துத்தான்! 'விண்டோ' என்று கொடுத்தால் நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு விண்டோ மட்டும் போகும். கூகுள் மீட்டில் ஒரே ஒரு 'டேப்' மட்டும் காட்டவும் வழி இருக்கிறது. பாட்டு, வீடியோ போட்டுக் காட்டுகிறவர்களுக்கு இது நல்லது. சத்தமும் கூடவே போகும். ஜூமில் என்றால் 'ஷேர் சவுண்ட்' கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் படம் ஓடும், பாட்டுக் கேட்காது.

விண்டோ மட்டும் காட்டுவதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. நடுவில் வேறொன்றைத் திறந்து நீங்கள் பேசிக்கொண்டே போனால், அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "டீச்சர், பழைய பக்கமே நிக்குதே" என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான். அடுத்ததைக் காட்ட வேண்டுமானால் புதிதாக ஷேர் செய்ய வேண்டும்.

எது ஒன்று, எது இரண்டு?

இரண்டு மானிட்டர் இருந்தால் ஷேர் செய்யும்போது ஸ்க்ரீன் 1, ஸ்க்ரீன் 2 என்று சின்னச் சின்னப் படமாக வரும். அவசரத்தில் மாற்றி அழுத்துவது இந்த இடத்தில்தான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே என்று போய் 'ஐடென்டிஃபை' பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு மானிட்டரிலும் அதன் நம்பர் பெரிதாகத் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பரை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

விண்டோஸ் பட்டனையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தினால், இரண்டு திரையும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமா, தனித்தனியாக வேண்டுமா என்று கேட்கும். 'எக்ஸ்டெண்ட்' என்பதுதான் தனித்தனி. 'டூப்ளிகேட்' என்று இருந்தால் இரண்டிலும் ஒன்றேதான் தெரியும். ஒன்றில் மறைத்து வைக்க முடியாது. திறந்திருக்கும் விண்டோவை அடுத்த மானிட்டருக்குத் தள்ள விண்டோஸ், ஷிஃப்ட், பக்கவாட்டு அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

பவர்பாயிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மானிட்டர் இருந்தால் அது ஒன்றில் படத்தையும், மற்றொன்றில் நீங்கள் பார்த்துப் பேசுவதற்கான குறிப்பையும் காட்டும். எல்லோருக்கும் குறிப்பே தெரிகிறது என்றால் பதற வேண்டாம். குறிப்புத் திரையின் மேலேயே 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' இருக்கும். அதில் 'ஸ்வாப்' என்பதை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிவிடும்.

இன்னொன்று. பெரிய மானிட்டரை அப்படியே காட்டினால், எதிரே செல்போனில் பார்க்கிறவர்களுக்கு எழுத்து எறும்பு மாதிரி தெரியும். சின்னத் திரையைக் காட்டுங்கள். அல்லது கன்ட்ரோலையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்தி எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

காட்டிக்கொண்டு இருக்கிறோமா, நின்றுவிட்டதா என்று சந்தேகமா? வெளியே போகிற பகுதியைச் சுற்றி ஜூமில் பச்சைக் கோடும், டீம்ஸில் சிவப்புக் கோடும் தெரியும். கோடு இருக்கும்வரை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தையும் கவனியுங்கள்

இரண்டு திரையைப் பார்த்து நாள் முழுக்கத் தலையைத் திருப்பினால் கழுத்து சும்மா விடுமா? அதிகம் பார்க்கும் மானிட்டரை நேர் எதிரே, ஒரு கை நீட்டும் தூரத்தில் வையுங்கள். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். மற்றது பக்கத்தில் ஒட்டினாற்போல், கொஞ்சம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். இரண்டையும் சமமாகப் பார்ப்பவர்கள் இரண்டும் சேரும் இடத்துக்கு நேரே நாற்காலியைப் போடுங்கள்.

கேமரா எந்தத் திரையில் இருக்கிறதோ, மீட்டிங் முகங்களும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதுபோல் தெரியும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால் பாக்கியம்!

செல்போன் திரையும் திரைதான்

இது கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கும் சேர்த்து. "பாங்க்கிலிருந்து பேசறோம்மா, கே.ஒய்.சி. முடிக்கணும், இந்த ஆப்பைப் போட்டுக்குங்க" என்று யாராவது போன் செய்தால், அவர்கள் கேட்பதும் உங்கள் திரையைத்தான். செல்போனில் முழுத் திரையும் வெளியே போனால், வரும் ஓ.டி.பி. நம்பரை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம், அவர்களே படித்துக்கொள்வார்கள். 2023-லிருந்து வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைக் காட்டும் வசதி வந்துவிட்டதால் தனி ஆப்கூடத் தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட மோசடி எச்சரிக்கைக் கையேட்டிலும் இந்தத் திரை மோசடி இருக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வீட்டில் யார் என்ன சொல்வார்களோ என்று பயந்து நிற்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

மீட்டிங்குக்கு 5 நிமிடம் முன்னால் இதைச் செய்து பழகுங்களேன்: காட்ட வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். செய்தி வரும் மணியை 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டு நிறுத்துங்கள். முழுத் திரை வேண்டாம், விண்டோ போதும். ஷேர் செய்ததும், "இப்போ உங்களுக்கு என்ன தெரியுது?" என்று ஒருவரைக் கேளுங்கள். பேசி முடித்ததும் முதல் வேலையாக ஷேரை நிறுத்துங்கள். பிறகு நிம்மதியாக மற்றதைப் பேசலாம்.