கரை வீட்டை விற்று உள்வீடு எடுப்பதா?

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியால் போகின்ற எவருக்கும் இந்தக் கரையோரத்தின் அமைப்பு விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றிடரில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. கிழக்கே நகர இடமில்லை. மேற்கே நகர்ந்தால் வயலை மூடவேண்டும். ஆகவே இங்கே வீடு விற்பதும் வாங்குவதும் ஏனைய இடங்களைப்போல் இலகுவான காரியமல்ல.

எம்மைச் சந்திக்கும் வாசகர் பலர் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கின்றனர். சொந்த ஊரையும் வயலையும் விட்டு வந்து, கரையோரத்தில் ஒரு பழைய வீட்டை எடுத்து, கூரை மாற்றி, நிலம் போட்டு, கிணறு இறைத்து, குடியிருக்கத்தக்கதாக்கிய குடும்பங்கள் அவை. இப்போது அதை விற்று மேற்குப் பக்கம் வேறொன்று எடுக்கலாமா என்பதே கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற எம்மால் முடியாது. ஆனால் இதே கேள்வியை 2004 டிசம்பர் 26க்குப் பின் இக்கரையோரம் முழுவதும் கேட்டது. அந்த அனுபவத்தைப் பார்ப்பது பயன் தரும்.

சுனாமியில் இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான் ஏற்பட்டது. 10,000 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. ஏனைய பகுதிகளில் அந்த எல்லை 100 மீற்றர். இந்த ஒடுங்கிய ஊர்களில் 200 மீற்றர் என்பது எத்தனை குடும்பங்களின் வளவு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. மருதமுனையில் இன்றும் ஒரு வீட்டுத்திட்டம் 65 மீற்றர் என்ற பெயரோடேயே அழைக்கப்படுகிறது. அளவுகோலே ஊர்ப்பெயராகிவிட்டது!

எல்லைக்கு வெளியே முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாயும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாயும் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டன. எல்லைக்குள் இருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு என்று சொல்லப்பட்டது. எல்லை மாறியபோது பலர் நடுவழியில் நின்றனர். திருத்திய வீடு ஒன்று கையில்; வாக்களிக்கப்பட்ட வீடு ஒன்று தூரத்தில்.

அந்த வாக்குறுதிகளின் கதை ஒரே மாதிரியானதல்ல. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் எழுந்தது, மக்கள் குடியேறினர், இன்று அது ஊரின் ஒரு பகுதி. ஆனால் அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகளைப் பாருங்கள். யாருக்கு வழங்குவது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்து, காடு மூடி, கதவும் யன்னலும் போயின. அந்த வீட்டை நம்பி எவராவது கையிலிருந்த வளவை விற்றிருந்தால் அவர் நிலை என்ன? ஆகவே எமது அபிப்பிராயம் இது. எடுக்கப்போகும் வீட்டின் திறப்பும் பத்திரமும் கைக்கு வரும்வரை இருக்கின்ற வீட்டுக்கு முற்பணம் வாங்கவேண்டாம்.

அடுத்து, வீடு யாருடையது என்ற விடயம். இதை நாம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். ஏனெனில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இக்கரையோரத்தில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வீடு மகளுக்குப் போகும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மூத்த மகளுக்குக் கலியாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். சிறிது காலத்தில் வாப்பாவும் உம்மாவும் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்தில் வேறொரு வீடு கட்டிப் போய்விடுவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. இப்படி ஒரு தகப்பன் வாழ்நாளில் இரண்டு மூன்று வீடு கட்டுவதுண்டு. வெளியூரார் இதை வியப்போடு பார்ப்பர். எமது ஊர்களில் இது சாதாரணம்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பன் வயற்காரர். மகளுக்கென்று வாயால் சொல்லிக் கொடுத்த வீட்டை மருமகன் வெளிநாட்டு உழைப்பில் திருத்தினார். மேல்தட்டும் போட்டார். தகப்பன் மௌத்தான பின் அதை விற்று உள்ளே ஒரு வளவு வாங்க நினைத்தபோது, உறுதி இன்னும் தகப்பனின் பெயரிலேயே இருப்பது தெரியவந்தது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமற்ற உரிமை வழிச் சட்டத்தின்படி ஆண்மக்களுக்கும் தாய்க்கும் அதில் பங்குண்டு. ஒரு காக்கா கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அவர் கெட்டவரல்லர், அவருக்கும் இரண்டு குமர்கள். மருமகன் செலவழித்த காசுக்கு உறுதியில் ஒரு வரியும் இல்லை. இறுதியில் ராத்தாமார் இருந்து பேசி, அவருக்கு வயலில் ஒரு பங்கைக் கூட்டிக்கொடுத்துக் காரியம் முடிந்தது. வாங்க நினைத்த வளவு அதற்கிடையில் வேறொருவரிடம் போய்விட்டது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் முதல், இலங்கையில் காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் போதாது. உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவதும் அவசியம்; ஒரே காணிக்கு இருவர் உறுதி வைத்திருந்தால் முந்திப் பதிந்தவர் பக்கமே பலம் சேரும். வீட்டுத்திட்டத்தில் எடுப்பவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்கவேண்டும். விற்பவர் கையிலிருப்பது உறுதியா, அளிப்புப் பத்திரமா, வெறும் அனுமதிப்பத்திரமா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி விற்க முடியாது. அப்படி விற்றதாகச் சொல்லப்படும் வீட்டில் நீங்கள் குடியிருக்கலாம், ஆனால் அது உங்களுடையதாகாது.

பயத்தினால் மாத்திரம் விற்பதென்றால் மேற்குப் பக்கத்தையும் மாரியில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு விற்கவேண்டும். கடல் பயம் உண்மையானது. ஒலுவில் துறைமுக வேலைகளின் பின் ஒலுவில், நிந்தவூர்ப் பக்கங்களில் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போனதை யாவரும் கண்டோம். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் புதிதாகக் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆனால் வயலோரம் தண்ணீர் பயம். 2011 ஜனவரி வெள்ளத்தில் உள்வீடுகளே அதிகம் மூழ்கின. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகளைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? வயலை மண்போட்டு மூடிய வளவென்றால் இன்னும் கவனம். கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயல் நிரப்புவது குற்றம். பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளம் நின்ற கோடு தெரியும். அதைக் காட்டும்படி அயலவரைக் கேளுங்கள், தரகரைக் கேட்கவேண்டாம்.

கணக்குப் பார்க்கும்போது திருத்தத்திற்குச் செலவழித்த தொகையை விலையில் அப்படியே எதிர்பார்க்கக்கூடாது. இங்கே வாங்குபவர் பேர்ச்சுக்குத்தான் விலை பேசுகிறார். உங்கள் மாபிளுக்கு அல்ல. புதிய இடத்திலும் திருத்தவேண்டியிருக்கும். 2021இல் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த சீமெந்துப் பை 2022இல் இரண்டாயிரத்தைத் தாண்டியது. அதே ஆண்டில் வீட்டை விற்றுக் காசாக வைத்திருந்தவர்களின் பணம் சில மாதங்களில் எவ்வளவு சுருங்கிற்று என்பதை அவர்களே சொல்வார்கள். விற்பதும் வாங்குவதும் ஒரே கிழமையில் நடந்தால் நல்லது. இடையில் வாடகை வீடு என்றால் கையிலுள்ளது சாப்பாட்டுக்கும் கலியாணத்துக்கும் போய்விடும்.

கமக்காரக் குடும்பத்துக்கு இன்னொன்று. வீட்டுத்திட்டத்து வீடு பார்க்க அழகு. நெல் காயப்போட முற்றம் இல்லை, மாடு கட்ட இடமில்லை, உழவு இயந்திரம் நுழைய ஒழுங்கை போதாது. தொடர்மாடி வீட்டில் அடுத்த மகளுக்கு ஓர் அறை கூட்டவும் வழியில்லை. மறுபுறம், வயல் மேற்கே இருந்தால் உள்வீட்டிலிருந்து விடியற்காலையில் நடந்தே போய்த் தண்ணீர் கட்டிவிட்டு வரலாம். பெரும்போகத்தில் யானைக் காவலுக்குப் போகும் கணவன் எங்கே நிற்கிறார் என்பதாவது மனைவிக்குத் தெரியும். நாம் பேசிய பெண்களில் அநேகர் இதையே முதலில் சொன்னார்கள். கடலை அவர்கள் பிறகுதான் சொன்னார்கள்.

விற்க முடிவெடுத்தவர்கள் உறுதியின் பிரதியோடு முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்கும், பின்னர் காணிப் பதிவகத்துக்கும் போகவேண்டும். போகும்போது வீட்டுக்காரியையும் அழைத்துச் செல்லுங்கள். அநேகமான வீடுகள் அவர் பெயரில்தான் இருக்கின்றன.